விஷம் காய்ச்சும் ஈரல்!

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. கள்ளக்குறிச்சி டவுனில் கருணாபுரம். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடம். அங்கே விற்ற பாக்கெட் சாராயத்தை வாங்கிக் குடித்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். மறுநாள்தான் விபரீதம் முழுசாகத் தெரிந்தது. வாந்தி, பொறுக்க முடியாத வயிற்று வலி, மூச்சுத் திணறல், "கண்ணு தெரியலையே" என்ற கதறல். கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பறந்தன. 200-க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டார்கள். 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் உண்டு.

சாராயத்தில் இருந்தது மெத்தனால். அதற்கு முந்தின வருஷம், 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதும் இதே மெத்தனால்தான்.

"விஷச் சாராயம் குடிச்சான், செத்தான்" என்று ஒரு வரியில் நாம் முடித்துவிடுகிறோம். டாக்டர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். மெத்தனால் உள்ளே போன ரூபத்திலேயே இருந்துவிட்டால் அத்தனை பெரிய கொலைகாரன் இல்லை. கொஞ்சம் போதை தரும். அதுகூட வழக்கமான சாராயத்தைவிடக் குறைவுதான். பிறகு மெல்ல மெல்ல சிறுநீரிலும் மூச்சிலும் வெளியேறிவிடும். கண்ணைப் பறிக்கிற விஷமாக அதை மாற்றுவது நம் உடம்பு. இன்னும் சரியாகச் சொன்னால், நம் கல்லீரலில் இருக்கும் ஒரே ஒரு புரதம்!

புரதம் என்றால் பருப்பும் முட்டையும்தானே, அது எப்படி விஷம் காய்ச்சும் என்று தோன்றும். அதைப் புரிந்துகொள்ள, கையில் ஒரு பூச்சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கதம்பமும் மல்லிகைச் சரமும்

பாலிமர் என்றதும் பிளாஸ்டிக் வாளிதான் நமக்கு ஞாபகம் வருகிறது. சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீளமான சரமானால் அது பாலிமர், அவ்வளவுதான் விஷயம். மனிதன் ஃபேக்டரியில் பாலிமர் செய்ய ஆரம்பித்தது நேற்று. செடி கொடிகளும் விலங்குகளும் கோடிக்கணக்கான வருஷங்களாக அதைச் செய்துகொண்டிருக்கின்றன.

கல்வராயன் மலையில் மரவள்ளி நிறைய விளைகிறது. அந்தக் கிழங்கின் மாவுச்சத்து ஒரு பாலிமர். குளுக்கோஸ் என்ற ஒரே ஒரு பூவை ஆயிரக்கணக்கில் தொடுத்த மல்லிகைச் சரம் மாதிரி. அதே குளுக்கோஸை வேறு விதமாகத் தொடுத்தால் செல்லுலோஸ். மலையில் நிற்கிற மரங்களின் கட்டை. கிழங்கைத் தின்றால் செரிக்கிறது, கட்டையைத் தின்றால் செரிக்காது. பூ ஒன்றுதான், தொடுப்புதான் வேறு.

புரதம் அப்படியில்லை, கதம்பம். அமினோ அமிலங்கள் என்ற 20 வகைப் பூக்களை வரிசை மாற்றி மாற்றிக் கட்டிய சரம். எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ என்பதைப் பொறுத்து வேலையே மாறிவிடும். தலைமுடி ஒரு புரதம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினும் புரதம்தான். சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்கிற இன்சுலின் வெறும் 51 பூ கொண்ட சின்னக் கதம்பம். நம் கதையின் நாயகனான ஈரல் புரதத்துக்கு ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்று பெயர். வாய்க்குள் நுழையாத பெயர். சாராயத்தைச் சிதைப்பதுதான் அதன் முக்கிய வேலை என்பதால் இங்கே 'சாராயப் புரதம்' என்றே சொல்லிக்கொள்வோம். 374 அமினோ அமிலங்கள் கோத்த சரங்கள் இரண்டு சேர்ந்தது அது.

சரம் நீட்டமாகத் தொங்கிக்கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை. அது தானாகவே சுருண்டு, மடிந்து, குறிப்பிட்ட ஒரு வடிவத்துக்கு வர வேண்டும். எப்படியெல்லாம் மடங்க முடியும், எப்படியெல்லாம் முடியாது என்று கணக்குப் போட்டு உலகத்துக்கே காட்டியவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் 1963-ல் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றைக்கும் உலகம் முழுக்கப் புரத வடிவ ஆராய்ச்சியில் பயன்படுகிறது. (நம் ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்!)

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதைத் தினமும் அடுப்பில் பார்க்கிறீர்கள். முட்டையின் வெள்ளைக்கரு நீர் மாதிரி இருக்கிறது. வேக வைத்தால் கெட்டியாகிறது. உள்ளே இருந்த அமினோ அமிலம் ஒன்றுகூடக் குறையவில்லை. மடிப்பு குலைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஆற வைத்தாலும் அது பழையபடி ஆகாது.

சாராயப் புரதம் மடிந்து நிற்கும்போது அதில் ஒரு சின்னக் குழி உண்டாகிறது. குழியின் அடியில் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் வரும் ஆல்கஹால் அந்தக் குழிக்குள் போய் மாட்டும். இரண்டு ஹைட்ரஜனைப் பறிகொடுத்துவிட்டு வேறு பொருளாக வெளியே வரும். அடுத்த மூலக்கூறு உள்ளே போகும். பூட்டும் சாவியும் மாதிரி.

374 பூக்களின் வரிசையைச் சொல்லிக் கொடுப்பது டி.என்.ஏ. அதுவும் ஒரு பாலிமர்தான், ஆனால் நான்கே நான்கு எழுத்துக்களால் ஆன சரம். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பது கணக்கு. ஆக, இந்தப் புரதத்தின் ஒரு சரத்துக்கு 1,122 எழுத்துக்கள். அவை நம் நான்காவது குரோமோசோமில் இருக்கின்றன. இதில் ஒரு எழுத்து மாறினாலும் விளைவு இருக்கலாம். சீனா, ஜப்பான் பக்கத்து மக்களில் பலருக்கு 47-வது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அவர்கள் ஈரல் சாராயத்தை நம்மைவிட வேகமாகச் சிதைக்கிறது.

"நம்ம பாடி தாங்கும் சார்" என்று சிலர் மார் தட்டுவார்கள். தினமும் குடித்துப் பழகியவருக்குப் போதை குறைவாகத் தெரியலாம், அது உண்மை. ஆனால் மெத்தனாலிலிருந்து வரும் விஷத்துக்கு எந்தப் பழக்கமும் கவசமாகாது.

இந்தப் புரதம் நமக்கு எதற்கு?

குடிக்காதவருக்கும், பச்சைக் குழந்தைக்கும் இந்தப் புரதம் இருக்கிறது. கடவுள் டாஸ்மாக்கை எதிர்பார்த்துப் படைத்தது அல்ல! நம் குடலில் இருக்கும் கிருமிகள் சாப்பாட்டைப் புளிக்க வைக்கும்போது கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகிறது. நன்றாகப் பழுத்த பழத்திலும் இருக்கிறது. அதை உடனுக்குடன் சுத்தப்படுத்த ஈரலில் ஒரு ஆள் வேண்டாமா?

சாதாரணச் சாராயம், அதாவது எத்தனால் வந்தால் இந்தப் புரதம் அதை முதலில் அசிடால்டிஹைடு ஆக்குகிறது. அடுத்து நிற்கும் இன்னொரு புரதம் அதை அசிடிக் அமிலமாக்குகிறது. ஊறுகாயில் ஊற்றுகிற வினிகரில் இருக்கும் அமிலம். உடம்பு அதை எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும். (நடுவில் வருகிற அசிடால்டிஹைடு புரதங்களையும் டி.என்.ஏ.வையும் கெடுப்பது; ஈரலை நாசமாக்குகிற, புற்றுநோய்க்கு வழி வைக்கிற சரக்கு. எனவே கடைச் சரக்கு நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம். புரதத்தின் குழிக்கு இருவரும் ஒரே ஜாதி மாதிரித் தெரிகிறார்கள். அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் இந்த முறை வெளியே வருவது ஃபார்மால்டிஹைடு. மெடிக்கல் காலேஜில் பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் இருக்கிறதே, அதன் சரக்கு! அது சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. அடுத்த புரதம் அதை ஃபார்மிக் அமிலமாக்கிவிடும். மாமரத்தில் ஏறினால் முசுறு எறும்பு கடித்துவிட்டுப் பீய்ச்சுகிற எரிச்சல் திரவம், அதே அமிலம்தான்.

இங்கேதான் உடம்பு மாட்டிக்கொள்கிறது. ஃபார்மிக் அமிலத்தை மேற்கொண்டு சிதைக்க ஃபோலிக் அமில வைட்டமின் வேண்டும். மனிதனின் ஈரலில் அந்த வேலை ஆமை வேகத்தில்தான் நடக்கும். எலிக்கு அது சுறுசுறுப்பாக நடப்பதால், எலிக்கு மெத்தனால் கொடுத்தால் கண் போவதில்லை. நமக்கோ ஒரு பக்கம் உற்பத்தி மளமளவென்று, இன்னொரு பக்கம் வடிகால் அடைத்துக்கொண்டு... அமிலம் ரத்தத்தில் தேங்குகிறது.

தேங்கிய அமிலம் இன்னொரு புரதத்தைக் குறிவைக்கிறது. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்புகள் இருக்கின்றன. மூச்சில் இழுத்த ஆக்சிஜன் கடைசியாகப் போய்ச் சேருவது அங்கே இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற புரதத்திடம். ஃபார்மிக் அமிலம் அதன் வாயை அடைத்துவிடும். மூச்சு உள்ளே போகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, ஆனால் அடுப்பு எரியாது. மரவள்ளியில் கசப்பு ரகத்தைச் சரியாக வேக வைக்காமல் தின்றால் வருகிற சயனைடு தாக்குவதும் இதே புரதத்தைத்தான். மலைக்காரர்கள் கிழங்கைத் தோல் சீவி, தண்ணீரை வடித்து வேக வைப்பது சும்மா இல்லை.

சக்தி அதிகம் தேவைப்படுகிற இடம் முதலில் அடிவாங்கும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற பார்வை நரம்பு அப்படிப்பட்டது. அதனால்தான் கண் முதலில் போகிறது. பனி பெய்கிற மாதிரி, வெள்ளைத் துணி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். சுமார் 10 மில்லி சுத்த மெத்தனால், அதாவது இரண்டு டீஸ்பூன், பார்வையைப் பறிக்கப் போதும். 30 மில்லி உயிரையே வாங்கக்கூடும்.

மலை மேல் பழி

கள்ளக்குறிச்சி என்றதும் எல்லாரும் கை நீட்டுவது கல்வராயன் மலையை. அங்கே சாராய ஊறல் போடுவதும் போலீஸ் போய்க் கொட்டி அழிப்பதும் வெகு காலமாக நடக்கிற கதை என்பது வாஸ்தவம். வெல்லம், மரப்பட்டை எல்லாம் போட்டு ஊற வைத்துக் காய்ச்சுவார்கள்.

ஊறலில் மெத்தனால் இயற்கையாகவே கொஞ்சம் வரும். அதுவும் ஒரு பாலிமர் விவகாரமே! கொய்யாப்பழ ஜெல்லி கெட்டியாக நிற்கக் காரணமான பெக்டின், செடிகளின் செல் சுவரில் இருக்கும் பாலிமர். அது சிதையும்போது துளித் துளி மெத்தனால் கழன்று வரும். நீங்கள் குடிக்கிற ஆரஞ்சு ஜூஸிலும் அந்த மாதிரி மிகச் சிறிய அளவு உண்டு. உடம்பு சமாளித்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். ஒரு ஊரையே சாய்க்கிற அளவு மெத்தனால் வெல்லத்திலிருந்தும் பட்டையிலிருந்தும் வராது. அது பெயின்ட், பிளாஸ்டிக், ரசாயனத் தொழில்களுக்காகத் தயாராகிற தொழிற்சாலைச் சரக்கு. விலை மலிவு, கலந்தால் கண்டுபிடிக்க முடியாது என்பதற்காகக் கலக்கிறார்கள். கருணாபுரத்து வழக்கிலும் மெத்தனாலைக் கைமாற்றி விற்றவர்கள் என்று பலர் கைதானார்கள்.

மலைச் சாராயம் யோக்கியம் என்பதல்ல என் வாதம். ஆனால் மெத்தனால் மலையில் முளைக்கவில்லை. சம்பவத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலைமை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்க ஆரம்பித்தது. இத்தனை பேர் செத்த பிறகுதான் மலையின் ரோடும் பிழைப்பும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன என்பது வருத்தமான சங்கதி.

கையில் இருக்கும் மணிநேரங்கள்

விஷத்தை ஈரல்தான் காய்ச்சுகிறது என்பதில் ஒரு நல்ல சேதியும் ஒளிந்திருக்கிறது. காய்ச்ச நேரம் பிடிக்கும்! குடித்து 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சாதாரணச் சாராயமும் கலந்து உள்ளே போயிருந்தால் இன்னும் தாமதமாகும். ஏனென்றால் சாராயப் புரதத்துக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் பத்து மடங்குக்கு மேல் பிரியம். எத்தனால் இருக்கிற வரை குழியை அதற்கே கொடுக்கும். அது தீர்ந்த பிறகுதான் மெத்தனால் பக்கம் திரும்பும்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் வைத்தியமே உண்டானது. குழியை வேறு எதையாவது வைத்து அடைத்துவிட்டால் மெத்தனால் விஷமாக மாறாமலே வெளியேறிவிடும் அல்லவா? பல காலம் டாக்டர்கள் எத்தனாலையே அளந்து கொடுத்து அந்தக் குழியை அடைத்தார்கள். சாராயத்துக்குச் சாராயமே மருந்து! இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பிராந்தியை ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய சமாசாரம் அது. அரை மயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் மூச்சுக் குழாயில் போய் அங்கேயே முடிந்துவிடும்.

இதைவிட நல்ல மருந்து சுவீடனில் பிறந்தது. என்ஸைம் ஆராய்ச்சிக்காக 1955-ல் நோபல் பரிசு வாங்கிய ஹூகோ தியோரெல், குதிரை ஈரலிலிருந்து எடுத்த சாராயப் புரதத்தை வைத்துப் பல வருஷம் ஆராய்ந்தார். பைரசோல் என்ற ரசாயனம் அந்தக் குழியில் போய் கெட்டியாக உட்கார்ந்துகொள்கிறது என்று 1960-களில் அவர் குழு கண்டது. அந்தக் குடும்பத்தில் வந்ததுதான் ஃபோமிபிசோல். அமெரிக்காவில் மெத்தனால் விஷத்துக்கு இதை 2000-ல் அங்கீகரித்தார்கள். 2013-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி சம்பவத்தின்போது பத்திரிகைகளில் அடிபட்ட பெயர் இதுதான். வயிற்றுப் புண்ணுக்குச் சாப்பிடும் ஒமிப்ரசோல் வேறு. பெயர் ஒலியில் குழம்ப வேண்டாம்.

ஏற்கெனவே தேங்கிவிட்ட அமிலத்துக்கு சோடியம் பைகார்பனேட் ஏற்றுவார்கள். ஃபோலிக் அமில வகை ஊசி போட்டு வடிகாலைத் திறந்துவிடப் பார்ப்பார்கள். நிலைமை மோசமென்றால் டயாலிசிஸ் செய்து மெத்தனாலையும் அமிலத்தையும் ரத்தத்திலிருந்தே அகற்றுவார்கள். எல்லாமே நேரத்தோடு பந்தயம். அடைப்பதற்கு முன்பே ஈரல் காய்ச்சி முடித்துவிட்டால் ஃபோமிபிசோலால் பெரிதாகப் பலனில்லை.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? "ராத்திரி கொஞ்சம் ஓவராயிடுச்சு, மோர் குடுத்தா சரியாயிடும்." தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் எல்லாம் சாதாரண போதை தெளிகிற அறிகுறி மாதிரியே இருப்பதால் மனைவியும் அப்படியே நம்பிவிடுகிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாலும், போலீஸ் கேஸாகிவிடுமே, மானம் போய்விடுமே என்று "வயித்து வலி டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டாக்டர் என்ன ஜோசியரா? குடித்தது என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு, கூடக் குடித்தவர்கள் யார் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். மிச்சம் பாக்கெட் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். கூடக் குடித்தவருக்கு இப்போது ஒன்றும் இல்லையென்றாலும் அவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். அவருக்குத்தான் மருந்து நன்றாக வேலை செய்யும்! 108-க்கு போன் செய்கிறபோதே "சாராயம் குடிச்சிருக்கார், கண் மங்குது" என்று சொல்லிவிடுவது நல்லது. வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கரைத்து ஊற்ற வேண்டாம்.

"எங்க வீட்டில் யாரும் குடிக்கிறதில்லையே, இது எனக்கு எதுக்கு?" என்று கேட்கிற வாசகிக்கு: பெயின்ட் அடித்துவிட்டு ஸ்டோர் ரூமில் வைத்த தின்னர், மரச் சாமான் பாலிஷுக்கு வாங்கிய ஸ்பிரிட் போன்ற சிலவற்றிலும் மெத்தனால் உண்டு. அதைக் காலி சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தாகத்தோடு வருகிற குழந்தைக்கு பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. இரண்டு வாய் குடித்துவிட்டாலே ஆபத்து. குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். அதன் ஈரலிலும் அதே புரதம்தான் இருக்கிறது. முகர்ந்து பார்த்தோ, நாக்கில் வைத்தோ, கொளுத்திப் பார்த்தோ மெத்தனாலை நிச்சயமாகக் கண்டுபிடிக்க வழியில்லை. லேபில்தான் முடியும்.

போன பார்வை திரும்புமா என்று கேட்பார்கள். சீக்கிரம் சிகிச்சை கிடைத்த சிலருக்கு ஓரளவு திரும்பியிருக்கிறது. ஆனால் பார்வை நரம்பு செத்துவிட்டால் அதை மறுபடி முளைக்க வைக்கும் மருந்து இன்றைக்கு வரை இல்லை. பிழைத்து வந்தவர்களிலும் சிலர் முதல் சில நாட்களில் கொஞ்சம் தேறி, சில வாரங்களில் மறுபடியும் மங்கலாகத் தெரிவதாகச் சொல்வதுண்டு. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் கண் டாக்டரிடம் தொடர்ந்து காட்டிக்கொண்டே இருப்பது அவசியம்.